பிரேக் பெடலில் ஒரு விரற்கடை

என் வீட்டுக்காரரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் மாதக்கணக்காக நாங்கள் பார்த்த வைத்தியமெல்லாம் ஒரு காரின் பிரேக் பெடலுக்குத்தான். காலைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வருகிறது. என் சுபாவமே அப்படி. கோபம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும், அழுகை பின்னால் மெதுவாக வரும்.

அவர் பெயர் அரியமுத்து. அம்பாசடர் அரியமுத்து என்று கேட்டால் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள். நான் சிந்தாமணி, சத்துணவு அமைப்பாளர். ஒரு சத்தம் போட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனையும் தட்டோடு வரிசையில் உட்கார்ந்துவிடும். வீட்டில் ஒரே ஒரு ஆளைச் செருப்புப் போட வைக்க என்னால் முடியவில்லை.

அவருடையது வெள்ளை அம்பாசடர். இப்போதெல்லாம் அதை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள்தான். ஏசி வைத்த புதுக் கார் வாசலில் நிற்கும்போதே, பெண்ணும் மாப்பிள்ளையும் இந்தப் பழைய காரில்தான் மண்டபத்துக்கு வருவோம் என்பார்கள். வீடியோவில் எடுப்பாக இருக்குமாம். முன்னால் ட்ரோன் பறக்க, பானெட் மேல் மல்லிகைச் சரம் ஆட, இவர் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளையைவிட மிடுக்காக உட்கார்ந்து ஓட்டுவார். பெரம்பலூர், பூலாம்பாடி, தா.பழூர் என்று முகூர்த்த நாளெல்லாம் வீடு தங்க மாட்டார். அந்தக் காரை எனக்குச் சக்களத்தி என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். சக்களத்தி என்றால்கூடச் சமையலில் ஒத்தாசைக்கு வருவாள், இது வெறுமனே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பேன் நான்.

உள்ளுக்குள் எனக்கும் அதன் மேல் ஒரு மரியாதை உண்டு. அது முதன்முதலில் திருமானூர்ப் பக்கம் அவருடைய ஊரில் ஒரு பெரிய வீட்டுக்கு வந்த கார். என் மாமனார் அந்த வீட்டு வயலில் கூலிக்கு நின்றவர். மழைக்காலத்தில் கார் கிளம்பாமல் முரண்டு பிடித்தால் அவரைத்தான் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார்கள். தள்ளியிருக்கிறாரே தவிர ஒரு நாளும் உள்ளே உட்கார்ந்ததில்லை. அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பெரிய வீடு பங்கு பிரிந்தது. கார் பல கை மாறி, கடைசியில் திருச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில் சக்கரம் இல்லாமல் கிடந்தது. நம்பரைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்து வாங்கி வந்தவர் இவர். அப்போது மாமனார் உயிரோடு இல்லை. லாரியிலிருந்து இறக்கியதும் இவர் காரைச் சுற்றி வந்து டிக்கி மேல் இரண்டு கையையும் வைத்தார். இங்கேதான் எங்கப்பா கை வைத்துத் தள்ளியிருப்பார் என்று சொன்னார். அன்றைக்கு நான் அழுதேன்.

அப்படி வாங்கிய காரில் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏறும்போது செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். பழைய டிரைவர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்குப் பெடலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டவர்களுக்கு அதைச் செருப்புக் காலால் மிதிக்க மனசு வராது. எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

"உங்கப்பா செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு நடந்தாரு. அதே காரை வெல குடுத்து வாங்குன நீங்களும் அதுக்குள்ள ஏறயில கழட்டணுமா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "எங்கப்பா அவங்களுக்காகக் கழட்டுனாரு. நான் எனக்காகக் கழட்டுறேன்" என்றார். பிறகு, "பிரேக்கு எங்க புடிக்கிது, எவ்வளவு புடிக்கிதுன்னு உள்ளங்காலுதான் சொல்லும் புள்ள. அது பொய் சொல்லாது" என்றார்.

அத்தோடு நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகியிருந்தது. காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சர்க்கரைக்காரர்கள் போடும் எம்.சி.ஆர் செருப்பை நானே போய் வாங்கி வந்தேன். அதை வீட்டிலிருந்து கார் வரைக்கும் போட்டுக்கொண்டு போவார். பிறகு அது சீட்டுக்கு அடியில் ஊர் சுற்றிப் பார்க்கும். மாத்திரையும் அப்படித்தான், நினைத்தால் போடுவார். கல்யாண வீட்டில் டிரைவரை மதித்து இலையில் கேசரி வைத்தால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

பெடல் கதை மாசி மாதத்தில் ஆரம்பித்தது. திருமானூரில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு வந்துகொண்டிருக்கிறார். முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரி சட்டென்று நின்றுவிட்டது. இவர் பெடலைத் தேடித் தேடி மிதித்தாராம். கார் நின்றபோது லாரிக்கும் பானெட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடம் இல்லையாம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பெடல் இறங்கிப்போச்சு, எங்க இருக்குன்னே தெரியலை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

மறுநாளே காரை ராசாங்கத்திடம் கொண்டுபோனார். பெரம்பலூர் போகும் சாலையில் ஷெட் போட்டிருக்கிற மெக்கானிக் அவன். வாய் ஓயாது. ஸ்பேனரைக் கையில் எடுத்தால் உலக நியாயம் எல்லாம் பேசுவான். இவருக்குத் தம்பி மாதிரி. ஒருவரை ஒருவர் திட்டாமல் அவர்களுக்குப் பொழுது போகாது.

பெடலை மிதித்ததும் உடனே பிரேக் பிடிக்கக் கூடாதாம். முதலில் ஒரு விரற்கடை சும்மா இறங்க வேண்டும். அதை அவர்கள் ப்ளே என்கிறார்கள். அதற்கப்புறம்தான் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். ப்ளே கூடிப்போனால் பெடல் தரை வரை போய்விடும். அறவே இல்லாமல் போனால் காலை எடுத்த பிறகும் பிரேக் சக்கரத்தை விடாது. பெடலோடு சேர்ந்த கம்பியில் ஒரு நட்டைத் திருகி இதைக் கூட்டலாம், குறைக்கலாம். நான் ஆசைப்பட்டு இதையெல்லாம் கற்றுக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது, அதனால் தெரிந்துகொண்டேன்.

ராசாங்கம் நட்டைத் திருகிப் பெடலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக் கொடுத்தான். சில நாள் சரியாக இருந்தது. அப்புறம் மறுபடி இறங்கிவிட்டது என்று கொண்டுபோனார். அவன் சக்கரங்களைக் கழற்றி உள்ளே தேய்ந்ததையெல்லாம் மாற்றினான். அதுவும் சில நாள். அடுத்து ரப்பர்களை மாற்றினான், ஆயிலை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் அவனே ஓட்டிப் பார்த்து நல்லாத்தானே இருக்கு என்பான். இவர் உட்கார்ந்து மிதித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி இருக்கிறதாம். உனக்குக் கை போச்சுடா என்பார். உங்களுக்கு வயசு போச்சு என்பான் அவன். இரண்டு பேரும் பேசாமல் கொஞ்ச நாள் இருப்பார்கள். பெரம்பலூரில் வேறு ஒரு மெக்கானிக்கிடமும் காட்டினார். அவனும் பெடலில் குறை இல்லை என்றுதான் சொன்னான். அவனுக்கு அம்பாசடரைப் பற்றி என்ன தெரியும் என்று இவர் திரும்பி வந்துவிட்டார்.

பங்குனியில் ஒரு நாள் கோவிலுக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இடது காலில் செருப்பு இருந்தது, வலது காலில் இல்லை. எங்கே என்று கேட்டேன். அவரும் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, அட, எங்கயோ கழண்டு விழுந்துருச்சு போல என்றார். கோவிலிலிருந்து எங்கள் வீடு நல்ல தூரம். ஒரு காலில் தார் சுட, ஒரு காலில் செருப்போடு அவ்வளவு தூரம் நடந்த மகாராஜாவை நினைத்து நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பூலாம்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் சத்யப்பிரியாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். வீடே சிரித்தது.

கடைசியில் ஷெட்டில் சண்டை பிடித்துப் பெடலை மேலே தூக்கு தூக்கு என்று தூக்க வைத்துவிட்டார். இனிமேல் தூக்கினால் ப்ளே இருக்காது, பிரேக் பிடித்தபடியேதான் ஓடும் என்று ராசாங்கம் தலைபாடாக அடித்துக்கொண்டான். இவர் கேட்கவில்லை. அடுத்த கல்யாணத்துக்குப் போகையில், குன்னம் ஊரைத் தாண்டும்போது சக்கரத்திலிருந்து புகை வந்தது. கல்யாணப் பெண் பட்டுப்புடவையோடு ரோட்டோரம் வேப்பமரத்தடியில் நின்று வேறு வண்டிக்காகக் காத்திருந்தாளாம். அந்த அவமானத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு. ராசாங்கம் பெடலைப் பழைய அளவுக்கே இறக்கிக் கொடுத்தும் பெடல் மேல்தான் சந்தேகம். கீழே விரித்திருந்த ரப்பர் மேட்தான் பெடலைத் தடுக்கிறது என்று அதையும் பிடுங்கி எறிந்துவிட்டார். அதற்கப்புறம் வெறும் தகரத்தில் குதிகாலை ஊன்றி ஓட்டினார். அம்பாசடரில் எஞ்சின் சூடு நேராகக் காலடித் தகரத்துக்குத்தான் வரும். சித்திரை வெயிலில் அதில் தோசை வார்க்கலாம்.

ஓட்டுவதை விட்டுவிடச் சொல்லும்மா என்று சத்யப்பிரியா போனில் சொன்னாள். நானும் சொன்னேன். "ஸ்டேரிங்க விட்டா நான் வூட்ல என்ன பண்றது, உனக்கு வெங்காயம் உரிக்கிறதா?" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் கண்ணில் பயம் இருந்தது. பிரேக் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஒரு மனுசன் தினமும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவதை வாசலில் நின்று பார்ப்பது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தா.பழூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. போகிற வழி வேறாக இருந்தாலும், முதலில் ராசாங்கத்தின் ஷெட்டுக்குப் போய் பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் நான் பஸ்ஸில் போகிறேன் என்று சண்டை போட்டேன். ஷெட்டில் அன்றைக்கு அவன் மட்டும்தான். பழைய தகராறை மறந்துவிட்டு, பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறதா என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றான். அதற்கு ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மிதிக்கும்போது கீழே சக்கரத்துப் பக்கம் ஒரு குழாய் முனையிலிருந்து ஆயில் பீச்சும். காற்று இருந்தால் குமிழ் வரும்.

இவர் சீட்டில் உட்கார்ந்தார். ராசாங்கம் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போய்விட்டான். நான் திறந்திருந்த டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றேன்.

மிதிங்கண்ணே என்று கீழிருந்து குரல் வந்தது. மிதித்துவிட்டேன் என்றார் இவர். ஆயில் வரவில்லை என்றான். மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். இன்னும் அழுத்தச் சொன்னான். இவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க அழுத்தினார். ஆயில் சொட்டுக்கூட வரவில்லை. பாத்தியாடா, இப்ப இறங்கவே மாட்டேங்குது, பெடல்லதான் கோளாறுன்னு அன்னைக்கே சொன்னேன் என்று கத்தினார்.

நான் சும்மாதான் குனிந்து பார்த்தேன். பிரேக் பெடல் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அவருடைய வலது கால் அதன் மேல் இல்லை. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் நடுவில் வெறும் தகரத்தை உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கி வெளுத்துப்போயிருந்தன.

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை. நிஜமாகவே மிதித்துக்கொண்டிருந்தார். கோவிலிலிருந்து வரும்போது விழுந்த செருப்பு, தேடித் தேடி மிதித்த பெடல், பஞ்சு மூட்டை எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இந்த மனுசனுக்குக் காலே தெரியவில்லை.

"ஏங்க, கால் பெடல் மேல இல்லீங்க" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். காலை எடுக்கவில்லை. யாரோ ஒருவருடைய காலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். ரோட்டில் சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து, நீ உட்கார்ந்து மிதி என்று இறங்கினார். நான் கார் ஓட்டத் தெரியாதவள். அவர் சொன்னதால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். மிதித்தேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பெடலில் குறை இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. என் காலுக்குக் கீழே அது அவ்வளவு ஒழுங்காக இருந்தது. "ஒரு வெரக்கடை சும்மா எறங்குது. அப்புறம் கல்லாட்டம் நிக்கிதுங்க" என்றேன்.

"சரி" என்றார். பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது தொடை மேல் போட்டு உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். குதிகாலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து கறுத்துப்போயிருந்தது. நடுவில் கொப்புளம் உடைந்து சீழ் கட்டி நாற்றம் வந்தது. காரின் தகரம் சுட்ட புண் அது. எத்தனை நாளாக இருந்ததோ. ராசாங்கம் வெளியே வந்து பார்த்துவிட்டு, அண்ணே, இது வலிக்கலையா என்று கேட்டான். இவர் விரலால் அந்தப் புண்ணைத் தொட்டார். அழுத்தினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பொய் சொல்லிருச்சு புள்ள" என்றார் அவர்.

காதுகுத்துக்கு நாங்கள் போகவில்லை. ராசாங்கம்தான் அந்தக் காரை ஓட்டி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இவர் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். அந்தக் காரில் அவர் பின் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். சர்க்கரை கால் நரம்பைத் தின்றுவிட்டது, உணர்ச்சி எப்போதோ போயிருக்கும், புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். முதலில் குதிகாலைச் சுரண்டிப் பார்த்தார்கள். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. அப்புறம் காலை எடுக்கவில்லை என்றால் ஆளே கிடைக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். சத்யப்பிரியா என் தோளில் சாய்ந்து அழுதாள். ராசாங்கம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, நான் நட்டைத் திருகிக்கொண்டே இருந்தேனே அண்ணி, ஒரு தடவை அந்தக் காலைப் பார்க்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டான். உன்னை யார் டாக்டர் வேலை பார்க்கச் சொன்னது, போய் டீ வாங்கிக்கொண்டு வா என்று அவனை விரட்டினேன். அவன் மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர் மேல்தான் கோபம். கோபப்படுகிற அளவுக்கு அவரிடம் உடம்பு மிச்சம் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். சிலருக்கு எடுத்த கால் இன்னும் இருப்பது போலவே தோன்றும், அரிக்கும், சுடும், பயப்பட வேண்டாம் என்றார். இவர் அப்படி ஒன்றையும் என்னிடம் சொல்லவில்லை. பேச்சே குறைந்துவிட்டது. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடப்பார், டிவி பார்ப்பார், நான் கொடுக்கிற மாத்திரையை மறுபேச்சில்லாமல் விழுங்குவார். நான் சொன்னதையெல்லாம் அவர் கேட்க ஆரம்பித்தது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. ஒரு நாள் அவராகவே வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தார். நான் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன்.

கார் பக்கம் மட்டும் போகவே இல்லை. ஜன்னலில் அது தெரிகிற பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவார். வாங்கிக்கொள்கிறோம் என்று இரண்டு மூன்று பேர் வந்தார்கள். அவர் காதில் விழுவதற்குள் நானே வாசலோடு அனுப்பிவிட்டேன். ராசாங்கம் அவ்வப்போது வந்து எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுத் துடைத்துவிட்டுப் போவான். வந்தால் வீட்டுக்குள் வர மாட்டான். இவர் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. நடுவில் ஒரு நாள் காருக்கு அடியில் படுத்து, அன்றைக்கு ஷெட்டில் பாதியில் விட்ட வேலையை முடித்து, பிரேக் பெடலை மறுபடி சரியான அளவுக்கு வைத்துவிட்டதாக என்னிடம் மெதுவாகச் சொன்னான். யார் ஓட்டப் போகிறார்கள் தம்பி என்று கேட்டேன். அதுக்காக அதை அரைகுறையா விட்டுட்டுப் போக முடியலண்ணி என்றான்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. இரவு மழை பெய்து வாசல் ஈரமாக இருந்தது. இட்லி சாப்பிட்டுக் கை கழுவியவர், என்னைக் கொஞ்சம் காரில் உட்கார வை என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. ஈரத்தில் ஊன்றுகோல் வழுக்கிவிடுமோ என்று இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போனேன். இளைத்துப்போயிருந்தார். சீட்டில் உட்கார வைத்து இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். அவராகவே அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வலது பக்கம் லுங்கி மடங்கிச் சீட்டின் விளிம்போடு நின்றது. நான் சுற்றி வந்து மறுபக்கம் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஸ்டியரிங்கைத் தடவினார். கண்ணாடியை ஒரு துளி திருப்பினார். நேராக ரோட்டைப் பார்த்தார். வலது தொடை மட்டும் லேசாக முன்னால் நகர்ந்தது.

"சிந்தா" என்றார். "பெடல் தெரியுது."

நான் கீழே பார்த்தேன். பெடல் தனியாக நின்றது. அதன் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"ரொம்ப நாளைக்கப்புறம் தெரியுது. கட்ட வெரலுக்குக் கீழ ரப்பரு தேஞ்சிருக்குல்ல, அதுகூட நல்லாத் தெரியுது. ஒரு வெரக்கடை எறங்கி, அங்கேருந்து கெட்டியாப் புடிக்கிது."

அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதியை நான் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. கால் இருந்தபோது அதற்கு ஒன்றும் தெரியவில்லை. இல்லாமல் போன பிறகு ரப்பரின் தேய்மானம் வரைக்கும் தெரிகிறது. கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவரை நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. ஷெட்டில் வைத்து, கால் பெடல் மேல் இல்லை என்று இவர் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான்தான். இப்போது அந்த வார்த்தைக்கு என் நாக்கு எழவில்லை.

"நல்லாப் புடிக்குதாங்க?" என்று கேட்டேன்.

"அருமையாப் புடிக்கிது. ராசாங்கம் வந்தா சொல்லிரு, அவன் வேலையில ஒரு குத்தமும் இல்லன்னு. நான்தான் அவன ரொம்பப் பேசிட்டேன்."

சொல்லிவிடுகிறேன் என்றேன். கண்ணைத் துடைத்தால் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று துடைக்காமல் இருந்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.